கமலை மாடு ஓட்டிய குண்டு விமானம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். அடக்கத்தினால் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிலர் தங்கள் முட்டாள்தனத்தை நாலு சுவருக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், கொடுத்து வைத்தவர்கள். என்னுடையதை எங்கள் ஊர் மொத்தமும், பக்கத்து இரண்டு ஊர்களும், பெண் பார்க்க வந்திருந்த ஒரு கம்பவுண்டரும் பாய் விரித்து உட்கார்ந்து, சுண்டல் தின்றுகொண்டே பார்த்தார்கள். உலக யுத்தத்தில் ஜெர்மனி மேல் குண்டு போடப் புறப்பட்டு, மாமன் தோட்டத்துக் கிணற்றில் போய் விழுந்த விமானி இந்தப் பூமியிலேயே நான் ஒருவன்தான். அப்போது யுத்தம் முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது என்பது சின்ன விவரம்.

எங்கள் ஊர் ஆவூருக்கு மேற்கே ஒரு மணி நேர நடை. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வேலை தேடுவதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். அதிலும் சம்பள உயர்வு இல்லை. ஊர்ப் பொதுக் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பேன். நான் நின்ற காரியம்தான் நிற்காது. முந்தின வருஷம் சவேரியார் திருநாளுக்கு பேண்டு வாத்தியம் பேசி முடித்தது நான்தான். வாத்தியம் வரத்தான் செய்தது. திருநாளுக்கு மறுநாள் காலையில், எல்லோரும் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது, முழு உடுப்பில் வந்து நின்று வாசித்தார்கள். பந்தல் பிரிப்பதை அவ்வளவு கோலாகலமாக அதற்கு முன்னும் பின்னும் எந்த ஊரிலும் செய்ததில்லை.

அந்தோனிசாமி மாமா எனக்கு ஒன்றுவிட்ட மாமன். திருநாள் காரியமெல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு ஒரு தோட்டம், ஒரு ஜோடி மாடு, ஒரு மகள். மூன்றின் மேலும் உயிர். வரிசை மட்டும் மாடு, தோட்டம், மகள் என்று ஊரில் பேச்சு. அந்த மூன்றாவது ஆள் பிலோமினாவைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்கு என் மேல் என்ன அபிப்பிராயம் என்று தெரியாது. எதிரே வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போய்விடுவாள். நாணம் என்று நான் எடுத்துக்கொண்டேன். (சிரிப்பை அடக்கத்தான் பொத்தினாளாம். கல்யாணமான பிறகு சொன்னாள்.)

மாமாவிடம் நேராகவே கேட்டேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒன்னையச் சின்னப் புள்ளையிலேருந்து பாக்குறேன். நீ தொட்ட காரியத்துல ஒன்னே ஒன்னு வெளங்குச்சுன்னு சொல்லு. நாளைக்கே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிப்புடுறேன்."

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணேன் மாமா."

"எத்தனாவது தடவ?"

(இப்படிக் குறுக்கு விசாரணை செய்பவரிடம் மனுசன் என்ன பேசுவது?)

"இந்தா பாரு" என்றார், கையை உதறிக்கொண்டு. "கறம்பக்குடியிலேருந்து ஒரு வரன் வந்துருக்கு. கம்பவுண்டர். திருநாளன்னைக்குப் பொண்ணு பாக்க வாராங்க. நீ ஏதோ நாடகம் போடப் போறேன்னு திரியிறியாமே? போடு. சேதாரம் இல்லாம முடிச்சுக் காட்டு. அவுங்களுக்குச் சோத்தப் போட்டு அனுப்பி வச்சுடுறேன். இல்லையினா ஒனக்குச் சோத்தப் போட்டு அனுப்பி வச்சுடுறேன்."

என் வாழ்க்கை ஒரு நாடகத்தில் தொங்கியது. தொங்கியது என்பதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நாடகத்துக்குக் கதை வேண்டுமே. ராஜா ராணிக் கதையெல்லாம் மற்ற ஊர்க்காரர்கள் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். அப்போதுதான் தனிஸ்லாஸ் பிரதர் ஞாபகம் வந்தது.

ஆவூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் எண்ணெய் எஞ்சின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த துறவி அவர். ஆறடிக்கு மேல் உயரம், செங்கல் நிறம், காக்கிச் சட்டை. யுத்தத்தின்போது இங்கிலாந்திலிருந்து குண்டு விமானத்தில் பறந்தவர் என்று பேச்சு. அவர் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் வினோதமாக நினைக்கவில்லை. ஏற்கனவே ஊரில் ஐந்தாறு தனிஸ்லாஸ் இருந்தார்கள். ஆட்டுக்கார தனிஸ்லாஸ், கொல்லக்காட்டு தனிஸ்லாஸ், இவர் பட்டறை தனிஸ்லாஸ். எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்த சம்சாரிகளிடம் தமிழ் கற்றுக்கொண்டதால் இங்கிட்டு, அங்கிட்டு என்று எங்களை விடச் சுத்தமாகப் பேசுவார். சொற்கள் மட்டும் எஞ்சின் வியாதி சம்பந்தப்பட்டவை. காய்ச்சலில் படுத்திருந்த எங்கள் கோயில் உபதேசியாரைப் பார்க்கப் போனபோதும் "என்ன, இழுக்க மாட்டேங்குதா?" என்றுதான் விசாரித்தார்.

"பிரதர், நீங்க இங்கிலீஷ்காரரு தானே?" என்று ஆரம்பித்தேன்.

"ஏரோப்ளேன் இங்கிலீஷ்காரனுது. நாங்க போலந்து."

போலந்து என்றால் என்ன என்று பிறகு மாமாவுக்கு நான்தான் விளக்கினேன். கிழக்கே ஒரு பங்காளி, மேற்கே ஒரு பங்காளி, இரண்டு பேரும் வரப்பை வெட்டி வெட்டி உள்ளே வருகிறார்கள், நடுவில் மாட்டிக்கொண்ட வயல்தான் போலந்து என்றேன். எந்த வாத்தியாரும் பூகோளத்தை அவ்வளவு சீக்கிரம் புரியவைத்ததில்லை. "அப்ப பங்காளிங்க புடுங்குன நம்ம கெழவயலு மாதிரின்னு சொல்லு" என்று மாமா பல்லைக் கடித்தார். அன்றிலிருந்து பிரதர் மேல் அவருக்குத் தனிப் பாசம்.

பட்டறையில் என் பேட்டி தொடர்ந்தது.

"எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"தெரியாது. இருட்டு."

"பயமா இருந்துச்சா?"

"குளிரா இருந்துச்சு."

"சண்டையில நீங்கதான் முன்னால நின்னீங்களா?"

"பின்னால. வாலுல. கண்ணாடிக் கூண்டு, ஒரு துப்பாக்கி. மத்த நாலு பேரும் போற எடத்தப் பாப்பாங்க. நான் விட்டுட்டு வந்த எடத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருப்பேன்."

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. கதாநாயகன் வாலில், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டா உட்காருவான்? விமானத்தைப் பற்றியாவது கேட்போம் என்று கேட்டேன்.

"கூடை மொடஞ்ச மாதிரி இருக்கும். கம்பியப் பின்னி, மேல துணி."

"துணியா!"

"சாயம் பூசுன துணி. குண்டு பட்டா ஓட்டை விழும். மறுநா ஒட்டுப் போட்டுருவாங்க."

அந்த நிமிஷம் என் மூளையில் விளக்கு எரிந்தது. கூடையும் துணியும்தான் குண்டு விமானம் என்றால், அதை எங்கள் ஊரிலும் செய்யலாமே! (விளக்கு எரிந்த வேகத்தில் பிரதர் 'எஞ்சின் ரெண்டு' என்று சொன்னது காதில் விழவில்லை.)

பிறகு அவரே ஒன்று சொன்னார். குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் ஆளுக்கு ஒரு பொரித்த முட்டை தருவார்களாம். யுத்த காலத்தில் அங்கே ஊர் சனத்துக்கு முட்டைத் தூள்தானாம். திரும்பி வந்தவனுக்கு மட்டும் நிஜ முட்டை.

நான் சிரித்துவிட்டேன். "ஒத்த முட்டைக்கா பிரதர் இத்தனை பாடு?"

அவர் சிரிக்கவில்லை. "சில நாளு சமையக்காரன் முட்டைய ஒடச்சு ஊத்தி ரெடியா வச்சுருப்பான். அந்த ஏரோப்ளேன் வராது."

"அப்ப அந்த முட்டை?"

"நாங்க தின்னோம்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். இன்னொன்றையும் எஞ்சினுக்குள்ளிருந்தபடியே சொன்னார். ஒரு தடவை அடிபட்டுக் கடலில் விழுந்தார்களாம். ரப்பர் படகில் மிதந்தார்களாம். உதவி கூட்டிவரக் கூண்டுப் புறாவைத் திறந்து விட்டால், அது பறக்காமல் படகு விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டதாம். "அதுக்கும் பயம்" என்றார்.

"சண்டை ஜெயிச்சதும் ஊருக்குப் போகலையா பிரதர்?"

"சண்டை ஜெயிச்சோம். வயலு போச்சு."

புத்தியுள்ளவன் இதோடு எழுந்து போய், கேட்டதை அப்படியே நாடகமாக்கியிருப்பான். நான் வீட்டுக்குப் போய் முதல் வேலையாக முட்டையை வெட்டினேன். வீரன் முட்டை தின்னலாமா? கடலில் விழுந்ததை வெட்டினேன். வீரன் விழலாமா? வாலில் உட்கார்ந்தவனை நகைச்சுவைப் பாத்திரமாக்கினேன். முன்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே விமானம் ஓட்டும் போலந்து இளவரசனைப் புதிதாகப் படைத்தேன். அந்த வேஷத்துக்குப் பொருத்தமான ஆளை ஊரெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் என்னையே போட்டுக்கொண்டேன். ஜெர்மன் ராஜாவாக உபதேசியார். அந்த நாட்டில் அப்போது ராஜாவே கிடையாது என்று பிரதர் சொல்லிப் பார்த்தார். ராஜா இல்லாமல் ஒரு நாடகமா? நாடகத்துக்குப் பெயர் 'பெர்லின் பஸ்பம்'.

கூடை முடைகிறவர்கள் மூங்கிலில் விமானத்தின் எலும்புக்கூட்டைப் பின்னிக் கொடுத்தார்கள். மேலே பழைய வேட்டிகளைச் சுற்றி, கரியும் கோந்தும் கலந்து பூசினேன். தூரத்திலிருந்து பார்த்தால் குண்டு விமானம் மாதிரியே இருந்தது. பக்கத்தில் வந்தால் செத்த திமிங்கிலம். எப்படிப் பறக்க விடுவது என்பதுதான் பாக்கி.

கமலை என்றால் என்ன என்று இன்றைய பம்புசெட்டுக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன். கிணற்று விளிம்பில் இரண்டு கல்தூண், மேலே ஓர் உருளை. அதன் வழியாகக் கிணற்றுக்குள் இறங்கும் வடத்தின் நுனியில் அண்டா அளவுக்கு ஒரு சால். வடத்தின் மறுநுனியில் ஒரு ஜோடி மாடு. மாடுகள் சரிவில் இறங்கினால் சால் தண்ணீரோடு மேலே வரும். மாடுகள் பின்புறமாகவே நடந்து மேட்டில் ஏறினால் சால் திரும்பக் கிணற்றுக்குள் போகும். சாலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் விமானத்தைக் கட்டினால்? கிணற்றுக்குள்ளிருந்து குண்டு விமானம் எழுந்து வானத்தில் நிற்கும்! இந்த யோசனை வந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. (தூங்கியிருக்கலாம். பலருக்கு நன்மையாக இருந்திருக்கும்.)

மாமாவின் கமலை ஓட்டுகிறவர் சவரிமுத்து அண்ணன். ஒரே ஒரு தடவை மாட்டைச் சரிவில் இறக்கி, அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும், நாடகம் முடிந்ததும் பின்னால் நகர்த்தி எங்களை இறக்க வேண்டும் என்று பேச்சு. முந்தின நாள் இரண்டு மூட்டை மணலை ஏற்றிப் பார்த்தோம். மூட்டைகள் அழகாகப் பறந்தன. மணல் மூட்டைக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. அது பாடாது.

பாட்டுக்கு வருகிறேன். ஆர்மோனியக்காரர் நாலைந்து மெட்டு வாசித்துக் காட்டினார். எதிலும் என் குரல் நிற்கவில்லை. வழுக்கு மரம் ஏறினவன் மாதிரி கீழே வந்துகொண்டே இருந்தது. "தம்பி, ஒனக்குத் தானா வர்ற மெட்டு ஏதாச்சும் இருந்தாப் பாடேன்" என்றார் களைத்துப்போய். ஒன்று இருந்தது. தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து தினமும் காலையில் காதில் விழுந்த மெட்டு. சவரிமுத்து அண்ணன் கமலை ஓட்டும்போது பாடுவது. அதில் பாடினேன். அடியின் முடிவில் அவர் போடுகிற 'ஓஹோய்' கூட வீரத்துக்குப் பொருத்தமாக இருந்ததால் அதையும் எடுத்துக்கொண்டேன்.

"பறந்து வாரேன் மேகத்திலே பாதகனைத் தேடி
பெர்லினிலே குண்டு போட வாரேன் விளையாடி, ஓஹோய்!"

"இதுவே இருக்கட்டும்" என்று ஆர்மோனியத்தை மூடிவிட்டார். இதில் தப்பு எங்கே என்று கமலை ஓட்டிப் பழகின எவரும் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார். நான் ஓட்டியதில்லை. படித்தவன். தொண்டை கெட்டுவிடும் என்று கிணற்றடியில் ஒரு தடவைகூடப் பாடிப் பார்க்கவுமில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் பிரதர் வந்து விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். மூங்கிலைத் தட்டினார். கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி எம்புட்டு?"

"மழைத் தண்ணி பிரதர். முக்காக் கெணறு."

"டியூப் இருக்கா?"

"கதையில டியூப் இல்ல பிரதர். கடலையே வெட்டிட்டேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அது கடலில் விழுந்து எழுந்தவர்கள் பார்க்கிற பார்வை என்று இப்போது தெரிகிறது. அப்போது பாராட்டு என்று நினைத்தேன். என் வேஷத்துக்கு அவருடைய முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸை இரவல் கேட்டேன். கொடுத்தார்.

இருட்டினால் மாடு மிரளும் என்பதால் நாடகத்தைச் சாயங்கால வெயிலிலேயே வைத்துக்கொண்டோம். கூட்டம் எதிர்ப்பக்க மேட்டில் உட்கார்ந்தது. முன் வரிசை நாற்காலியில் வெள்ளைப் பேண்ட் போட்ட கம்பவுண்டர். அவருக்கு அடுத்து பிரதர். சைக்கிளில் ஒரு லாரி டியூபை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பஞ்சர் ஒட்டப் போகிற வழியில் வந்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். பெண்கள் பக்கம் பிலோமினா. மாட்டுக்குப் பக்கத்தில் மாமா, தன் சொத்தில் முதல் இரண்டு வரிசைகளுக்கும் காவலாக.

கிணற்றுக்குள் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் நான், கம்பளிக் கோட்டு, ஒட்டு மீசை, பூட்ஸ் சகிதம். வாலில் என் சிநேகிதன் சேசுராஜ், முதுகைக் காட்டிக்கொண்டு. (அவன் எடைக்கு அவனை முன்னால் வைத்திருக்க வேண்டும் அல்லது நாடகத்திலேயே வைத்திருக்கக் கூடாது.) நடுவில் ஒரு கூடையில் நாட்டுக்கோழி. புறா கிடைக்கவில்லை.

சவரிமுத்து அண்ணன் நாக்கைத் தட்டினார். மாடுகள் இறங்கின. நாங்கள் எழுந்தோம்.

"சேசுமரிசூசையே!" என்று கூட்டம் மூச்சு விட்டது. யாரோ ஒரு பெரியம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் என்னைப் பார்த்து ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்த உயரத்திலிருந்து பார்த்தேன். பிலோமினா முந்தானையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன். பாடினேன்.

"... வாரேன் விளையாடி, ஓஹோய்!"

அந்த 'ஓஹோய்' மாமாவின் மாடுகள் செவலைக்கும் மயிலைக்கும் கன்றுக்குட்டிப் பருவத்திலிருந்து தெரியும். கேட்டால் பின்னால் நட என்று அர்த்தம். நடந்தன. வானத்தில் நின்ற போலந்து இளவரசன் ஒரே மூச்சில் கிணற்றுக்குள் போனான். வால் தண்ணீரில் முங்கியது.

"டேய் அருளு! கீழேருந்து தண்ணி வருதுடா! இது கதையில இருக்கா?" என்று சேசுராஜ் கத்தினான். அவனுக்கு நடப்பது எதுவும் தெரியாது. விட்டுவிட்டு வந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சவரிமுத்து அண்ணன் பொறாமையில் மாட்டைப் பின்னால் ஓட்டுகிறார் என்று எனக்குப் பட்டது. கலைஞன் தளரலாமா? அடுத்த அடியை இன்னும் உரக்க எடுத்தேன். பாட்டுக் கேட்டதும் மாடுகள் இறங்கின. மேலே வந்தோம். கைதட்டல்! விமானம் பாய்ந்து குண்டு போடுகிறது என்று சனங்கள் நினைத்துவிட்டார்கள். உற்சாகத்தில் இன்னொரு 'ஓஹோய்' போட்டேன். கிணறு. பாடினேன். வானம். ஓஹோய். கிணறு. நான் போர் விமானமாகப் பறக்கவில்லை, தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன்.

"பாடாதே! பாட்ட நிறுத்து!" என்று சவரிமுத்து அண்ணன் அலறினார்.

இந்த வாசகத்தை நான் பாடும்போதெல்லாம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொருட்படுத்துவதில்லை.

"அடேய், வாய மூடுடா! மாட்டுக்கு நொரை தள்ளுதுடா!" இது மாமா.

மாடு என்றதும்தான் எனக்கு உறைத்தது. எது பாடினால் எது நடக்கிறது என்று அப்போதுதான் மண்டைக்குள் ஏறியது. உயரத்தில் இருந்தோம். மூங்கில் மூக்கு உருளையில் இடித்து நொறுங்கிக்கொண்டிருந்தது. அடியைப் பாதியில் வெட்டினேன். "வாரேன் விளையா..." என்று நிறுத்தி, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

மாடுகள் காதைத் தூக்கிக் காத்திருந்தன. மேட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் காத்திருந்தார்கள். அத்தனை தடவை கேட்டு அவர்களுக்குப் பாடமாகிவிட்டிருந்தது. இளவரசனுக்கு அடி மறந்துவிட்டது போல என்று பரிதாபப்பட்டு, அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தார்கள்:

"ஓஹோய்!"

அவ்வளவு பெரிய ஓஹோயை அந்த மாடுகள் ஆயுளில் கேட்டதில்லை. பின்புறமாகவே ஓடின. விமானம் நடுவில் பிளந்தது. கோழி மட்டும் சிறகடித்துக் கரையேறிப் போயிற்று. எங்கள் படையில் உருப்படியாகத் தப்பித்தது அது ஒன்றுதான்.

சேசுராஜ் எருமை மாதிரி நீந்தி, படிக்கல்லைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் நீச்சல் தெரியும். ஆனால் பூட்ஸ் இரண்டிலும் தண்ணீர் நிறைந்துவிட்டது. இந்த இடத்தில் நான் வேடிக்கையாக ஏதாவது எழுத வேண்டும். வரவில்லை. உள்ளே பச்சையாக இருந்தது. மேலே இருந்த அவ்வளவு சத்தமும் ஒரேயடியாக நின்றுபோயிற்று. காலை உதைக்க உதைக்கக் கீழேதான் போனேன்.

தலை ஒரு தடவை வெளியே வந்தபோது பிரதரின் குரல் கேட்டது. எஞ்சினோடு பேசுகிற குரல் இல்லை அது. "பூட்ஸ் கழட்டு! கைய ஆட்டாத! பூட்ஸ்!" டியூப் என் பக்கத்தில் வந்து விழுந்தது. அதற்குப் பின்னாலேயே அவரும் விழுந்தார். என்னைக் கொத்தாகப் பிடித்து டியூபுக்குள் திணித்து, முங்கி ஒரு பூட்ஸை உருவினார். இன்னொன்று இன்றும் அந்தக் கிணற்றுக்குள்தான் இருக்கிறது. தொங்கிக்கொண்டிருந்த வடத்தில் என்னையும் டியூபையும் சேர்த்துக் கட்டினார்.

தூக்க வேண்டுமே. சவரிமுத்து அண்ணன் சேசுராஜை இழுக்க உள்ளே இறங்கிவிட்டார். மேட்டு உச்சியில் மிரண்டு நின்ற மாடுகளை மாமா தட்டினார், கெஞ்சினார், திட்டினார். அசையவில்லை. அப்போது மேலே ஒரு குரல் பாட ஆரம்பித்தது.

"பறந்து வாரேன் மேகத்திலே..."

பிலோமினா. என் பாட்டு. ஒரு சொல் பிசகவில்லை. மாடுகள் காதை ஆட்டிக்கொண்டு மெல்ல இறங்கின. நான் டியூபில் உட்கார்ந்தபடி, ஒற்றைப் பூட்ஸோடு, மீசை கன்னத்தில் ஒட்டியிருக்க, மூன்று ஊர்ச் சனங்களின் முன்னால் பவனியாக எழுந்தேன். அடியின் கடைசிக்கு வந்ததும் டியூபை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அவள் 'ஓஹோய்' சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு ஆவூர் வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

வெயிலில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். பிரதர் சொட்டச் சொட்ட மாமா வீட்டுக்குள் போய், கையில் வாழை இலைத் துண்டோடு திரும்பி வந்தார். இரண்டு பொரித்த முட்டை. ஒன்றைச் சேசுராஜிடம் கொடுத்தார், ஒன்றை என்னிடம்.

"திரும்பி வந்தா முட்டை" என்றார். "தின்னு."

தின்றேன். நான் வெட்டித் தள்ளிய முட்டை. அதற்குப் பிறகும், கேவலம், கலைஞன் மனசு கேட்கவில்லை. "பிரதர், நாடகம் எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"கடலு மட்டும் சரியா இருந்துச்சு."

பேச்சுப்படி எனக்குச் சோற்றைப் போட்டு அனுப்பிவைக்க வேண்டியதுதான். மாமா அதற்கும் தயாராக இல்லை. சோறு தண்டம் என்றார். கம்பவுண்டர் வீட்டார் உள்ளே பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "இந்தக் கெணத்துத் தண்ணியிலயா காப்பி போட்டீங்க?"

அவர்கள் வண்டியேறியதும் பிலோமினா அப்பாவிடம் போய் நின்றிருக்கிறாள்.

"எனக்கு அந்தக் கம்பவுண்டரு வேண்டாம்ப்பா."

"ஏன்? அவருக்கு என்ன கொறச்சல்?"

"ஊரே சிரிச்சுச்சு. பிரதரு கூடக் கரையேறித் திரும்பி நின்னு சிரிச்சாரு. கம்பவுண்டரு மட்டும் சிரிக்கல. இதுக்கே சிரிக்காதவரு வேற எதுக்குச் சிரிக்கப் போறாரு?"

மாமா என்னிடம் வந்தார். நான் இன்னும் சாக்கில்தான் இருந்தேன். "மாடு ரெண்டும் காலையில தண்ணி எறைச்சா ஓலை வாசிக்கச் சொல்றேன்" என்றார். "நீ தொட்டது வெளங்கப் போறதில்ல. தூக்கி விடத் தெரிஞ்சவ ஒருத்தி கூட இருந்தாப் பொழச்சுக்குவ."

மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே கிணற்றடியில் போய் நின்றேன். சவரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்ததும் "நீ வாயத் தொறக்காம நில்லு, போதும்" என்றார். மாடுகள் இறைத்தன. அவற்றின் பெருந்தன்மையில்தான் என் குடும்பம் நிற்கிறது.

பிரதர் அப்புறமும் பல வருஷம் அந்தப் பட்டறையில் இருந்தார். தன் ஊருக்கு அவர் போகவே இல்லை. எஞ்சின் பார்க்க எங்கள் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பிலோமினா ஒன்றும் கேட்க மாட்டாள். தட்டின் ஓரத்தில் ஒரு பொரித்த முட்டையை வைத்துவிடுவாள். அவர் அதைத்தான் முதலில் சாப்பிடுவார்.

அந்தச் சட்டம் எனக்கும் பொருந்தும். திருச்சிக்குப் போய் வந்தால் முட்டை. திருக்கோகர்ணம் கோவில் பக்கம் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய் டவுன் பஸ்ஸில் வந்தால் முட்டை. ரேஷன் கடை வரை போய் மண்ணெண்ணெய் இல்லை என்று வந்தாலும் முட்டை. பேரன் பேத்திகள் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள்: "தாத்தா, இன்னைக்கு எந்த ஊரு மேல குண்டு போட்டீங்க?" நான் ஏதாவது பேச வாயைத் திறந்தால் குடும்பம் மொத்தமும் 'ஓஹோய்' என்று முடித்து வைத்துவிடும்.

இப்போது டாக்டர் முட்டையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். போன வாரம் தெருமுனைக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தேன். தலையில் இருந்த நாலு முடிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால் தட்டில் முட்டை.

"ஏன் பிலோமினா, முடி வெட்டிக்கிட்டு வந்ததுக்கெல்லாமா முட்டை?" என்றேன்.

அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

"திரும்பி வந்தீங்கள்ல."